ஜெசிந்தா சொன்ன 'போதும்'

ஜொவிட்டாவின் கட்டைவிரலுக்கு மயிலாப்பூரிலும் அடையாறிலும் தனி மரியாதை இருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டவர்கள், பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டவர்கள் எல்லாம் அந்த விரலுக்காகக் காத்திருந்தார்கள். பெண்களுக்கு மட்டும்தான் மசாஜ். போனில் ஆண்குரல் குழைந்து விசாரித்தால், "ராங் நம்பர், இது மாவு மில்லு" என்று வைத்துவிடுவாள். மடக்கு மேசையையும் எண்ணெய்ப் பையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். ஒருத்தரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தக் கையால் பிழைக்கிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

அந்தக் கைதான் இப்போது அவள் காலை வாரிவிட்டது. முதலில் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க வரவில்லை. அப்புறம் தேங்காய் துருவ முடியவில்லை. அவள் கணவன் கிளிஃபர்ட், சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்து லேப் அசிஸ்டென்ட், எதுவும் கேட்காமல் தேங்காய் மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கடைசியில் அவன்தான் டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போனான். "கட்டைவிரல் அடிமூட்டு நல்லா தேஞ்சிருக்கும்மா. இனிமே விரலால அழுத்துற வேலை ஆகாது" என்றார் அவர். விரலால் அழுத்தாமல் ஜொவிட்டா வேறு என்னத்தைச் செய்வாள்? மீன் கழுவுகிறவளிடம் தண்ணீரைத் தொடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது.

செய்தி எப்படிப் பரவியதோ, பெருங்குடியில் ஒரு ஸ்பா நடத்தும் தீபிகா போன் செய்தாள். "அக்கா, நீங்க வந்து பொண்ணுங்களை மேனேஜ் பண்ணுங்க. ஏசில உக்காந்த வேலை. செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லிடுங்க." நல்ல பெண், நல்ல வேலை. ஆனால் ஏசியில் உட்கார்ந்து மற்றவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருக்க ஜொவிட்டாவுக்கு மனசு வரவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. கிண்டியில் ஞாயிறு மதியங்களில் ஒரு வகுப்பு நடந்தது. விரலை விட்டுவிட்டு முன்கையாலும் முழங்கையாலும் உடம்புப் பாரத்தைச் சாய்த்து அழுத்துவதற்குப் பயிற்சி. ஜொவிட்டா சத்தம் போடாமல் போய்க் கற்றுக்கொண்டாள். கிளிஃபர்டின் முதுகில் பழகினாள். அவன் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, "சூப்பரா இருக்கு ஜோவி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எதைத்தான் சூப்பர் இல்லை என்று சொன்னான்? வேகாத சாம்பார் பருப்பைக்கூட சூப்பர் என்றவன். புருஷன் சான்றிதழ் செல்லாது.

செல்லும் சான்றிதழ் ஜெசிந்தாவுடையது.

ஜெசிந்தா நொச்சிக்குப்பத்துக்காரி. கடற்கரைச் சாலையில் தரையில் தார்ப்பாய் விரித்து மீன் விற்கிறவள். ஜொவிட்டா தனியாகத் தொழில் ஆரம்பித்தபோது முதன்முதலில் முதுகைக் கொடுத்தது அவள்தான். கூடை தூக்கித் தூக்கி இறுகிப்போன அவள் வலது தோளை ஜொவிட்டா இளக்கிவிட்டாள். மறுநாளே, மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் ஜெசிந்தா சீலா மீனை வெட்டிக்கொண்டே விளம்பரம் செய்தாள். சாந்தோம் முழுக்கப் பரவி, மீன் வாசனையே ஆகாத மயிலாப்பூர் வீடுகள் வரைக்கும் அது போயிற்று. "எங்காத்துல மேசை போட இடம் பண்ணிண்டு கூப்பிடறேன்" என்று மாமிகள் போன் செய்கிற அளவுக்கு. அன்று ஜெசிந்தா வாயைத் திறந்திருக்காவிட்டால் ஜொவிட்டா இன்னமும் யாரோ ஒருவருடைய பார்லரில் துண்டு மடித்துக்கொண்டிருப்பாள்.

அப்பேர்ப்பட்ட ஜெசிந்தாதான் சில மாதங்களாக ஒரு மாதிரியாக இருந்தாள். தோளில் கை வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், "போதும்டி" என்பாள். "இன்னும் ஆகலையேக்கா." "போதும்னா போதும், எனக்குத் தூக்கம் வருது." முன்பெல்லாம், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உயிரை எடுத்தவள். வாரம் தவறாமல் கூப்பிட்டவள் இப்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் கூப்பிட்டாள். போன தடவை அவள் வீட்டு ஜன்னலில் புதிதாக ஒரு தைல பாட்டிலைப் பார்த்ததிலிருந்து ஜொவிட்டாவுக்கு மனசே சரியில்லை. விரலில் பலம் குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள், வேறு யாரிடமோ போகிறாள் என்றே முடிவு கட்டினாள். பொறாமை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் அது பொறாமையேதான்.

செவ்வாய்க்கிழமை மீன் வியாபாரம் மந்தம். மத்தியானம் மேசையோடு போய் இறங்கியபோது ஜொவிட்டா முடிவோடுதான் போனாள். சொல்லாமல் கொள்ளாமல் முன்கையால் செய்துபார்ப்பது. ஜெசிந்தாவுக்குப் பிடித்தால் தொழில் தொடரும். பிடிக்காவிட்டால் மாலையே தீபிகாவுக்குப் போன்.

ஒற்றை அறை வீடு. ஃபிரிட்ஜுக்கும் மாதா படத்துக்கும் நடுவில் மேசையைப் போட்டால் அப்புறம் நடக்க இடமில்லை. ஜெசிந்தா குப்புறப் படுத்து, மேசைத் தலைமாட்டு ஓட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜொவிட்டா தலைப்பக்கம் நின்று, எண்ணெயைத் தடவி, வழக்கம்போல இரண்டு கட்டைவிரலையும் தோளில் வைத்தாள். வைத்த உடனே மணிக்கட்டு வரை சுரீர் என்று இழுத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டாள். குப்புறப் படுத்தவர்களுக்கு முகம் தெரியாது என்பது இந்தத் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம்.

அப்புறம் மாதாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு காலைப் பின்னால் வைத்து, முன்கையைத் தோளில் சாய்த்தாள். விரல்கள் சும்மா தொங்கின. உடம்பின் பாரம் மெல்ல மெல்ல இறங்கியது. தோளிலிருந்து முதுகெலும்பு ஓரமாக, அவசரமில்லாமல். ஜெசிந்தா மூச்சுக் காட்டவில்லை. ஜொவிட்டா 'போதும்டி'க்காகக் காத்திருந்தாள். வழக்கமாக அது வருகிற நேரம் வந்தது, போனது. ஃபேன் மட்டும் கடகடத்தது.

"இன்னாடி பண்றே?" என்று ஜெசிந்தாவின் குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

ஜொவிட்டாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "பிடிக்கலையாக்கா? பழையபடியே பண்றேன். இது புதுசா கத்துக்கிட்டது, முன்கையால. விரலு..."

"விரலு போச்சு. அதானே?"

"யாரு சொன்னா?"

"உன் காலுதான் சொல்லிச்சு."

ஜொவிட்டா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். மெட்டி, கொஞ்சம் வெடித்த குதிகால், அவ்வளவுதான்.

"நா தரைல குந்திகினு மீன் விக்கிறவடி. எனக்கு ஜனம்னா மொதல்ல காலுதான், மூஞ்சி அப்பால. விரலு திரும்பிச்சுனா வாங்காம போவப் போறா. குதிகாலு ஊனிச்சுனா வாங்கிடுவா. இந்த ஓட்டைல எத்தினி வருசமா உன் காலப் பாத்துகினு கீறேன்? நாலஞ்சு மாசமா நீ அமுக்குறப்பல்லாம் உன் காலு விரலு சுருண்டு சுருண்டு தரையப் புடிக்கிது. எனக்கு நோவு போவணும்னு நீ நோவ வாங்கிகினு கீறே. அத்தப் பாத்துகினு நா எப்டிடி கம்முனு படுக்கிறது?"

"அதுக்காகவா போதும்னு சொன்னே?"

"பின்ன? எனக்கு எங்க போதும்? தோளு கல்லு மாரி கீது. ராவுல தைலத்தத் தேச்சிகினு படுக்கிறேன்."

ஜன்னலில் பாட்டில் பேசாமல் நின்றது. ஜொவிட்டாவுக்கு வெட்கமாக இருந்தது. ஊர் முதுகையெல்லாம் தொட்டுப் பார்த்தே ரகசியம் தெரிந்துகொள்கிறவள், தனக்காக ஒருத்தி தன் வலியை அடக்கிக்கொண்டு படுத்திருந்ததைத் தெரிந்துகொள்ளவில்லையே.

"ஏன்க்கா என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா? 'ஒண்ணுமில்லக்கா'னு இன்னும் அமுக்கி அமுக்கிக் காட்டுவே. உன்னத் தெரியாதா எனக்கு?" ஜெசிந்தா ஓட்டைக்குள்ளிருந்தே பெருமூச்சு விட்டாள். "இன்னிக்கிதான் உன் காலு ஒயுங்கா பரவி நிக்கிது. அதான் இன்னா பண்றேன்னு கேட்டேன். நல்லாக் கீதுடி. பாதில நிறுத்திட்டு இன்னா பேச்சு? வலது தோளு அப்டியே கீது பாரு."

கைப்பைக்குள் போன் அடித்தது. தீபிகாவாகத்தான் இருக்கும். அது அடித்து ஓயும்வரை ஜொவிட்டா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து முன்கையில் பூசிக்கொண்டு வலது தோளில் சாய்ந்தாள். கண் மறைத்தது. துடைக்க முடியாமல் இரண்டு கையிலும் எண்ணெய். சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். எப்படியும் குப்புறப் படுத்திருக்கிறவளுக்கு முகம் தெரியப்போவதில்லை.

"அயுவாதடி" என்றாள் ஜெசிந்தா. "காலு காட்டிக் குடுக்குது."

அன்றைக்கு அவள் போதும் என்று சொல்லவே இல்லை.