தட்டான் ஏறிய உயரம்

பட்டறையில் எல்லோரும் அவளை விசிறியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ராணுவத்துக்காக உருவான அந்தச் சின்ன ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றும் ப்ளேடுகளை வடிவமைத்தவள் அவள். அவளுடைய அம்மாவுக்கு இந்தப் பட்டப்பெயரில் ஒரு மனக்குறை. கூடத்து மின்விசிறி மாசக்கணக்காக ஓடாமல் தொங்குகிறது, அதை நிமிர்ந்து பார்க்க ஆளில்லை, இவளோ பறக்கிற விசிறி செய்யப் போய்விட்டாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஹெலிகாப்டருக்கும் ஒரு செல்லப்பெயர் விழுந்திருந்தது: தட்டான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்னால் மெலிந்த நீள வால். சக்கரம் கிடையாது; தரையில் ஊன்ற இரண்டு குழாய்க் கால்கள். துப்பாக்கியும் இல்லை, குண்டும் இல்லை. மலை எல்லையில் பறந்து, எங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து வந்து சொல்வதுதான் அதன் வேலை. ராணுவம் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பெரிய ஹெலிகாப்டர்களால் எட்ட முடியாத உயரத்துக்கு இது போயாக வேண்டும்.

சிக்கலே அங்கேதான். மேலே போகப்போகக் காற்று மெலிந்துவிடும். ப்ளேடுக்குப் பிடிமானம் இருக்காது, இன்ஜினுக்கு மூச்சு முட்டும். ப்ளேடை அகலமாக்கினால் கனம் கூடியது. நீளமாக்கினால் உடம்பு முழுக்க உதறல் எடுத்தது. விசிறியக்கா வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள்.

தட்டானை முதன்முதலில் தரையிலிருந்து கிளப்பியது அவளுடைய தம்பி. அவன் ராணுவ பைலட். அக்கா செய்ததைத் தம்பி ஓட்டுவதா என்று மேலிடத்தில் தயங்கினார்கள். அவனே போய்ப் பேசிச் சம்மதம் வாங்கி வந்தான். அன்று காலை இன்ஜின் சத்தம் ஏறியது, சுற்றிலும் புல் தரையோடு படுத்தது. குழாய்க் கால்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பி அங்கேயே நின்றன. ஒருவரும் கைதட்டவில்லை. அத்தனை காலம் மேஜை மேல் துண்டுதுண்டாகக் கிடந்த உலோகமும் கண்ணாடியும் எதையும் பிடிக்காமல், எதிலும் தொங்காமல் அந்தரத்தில் நிற்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார்.

தட்டான் பணிக்குப் போன இரண்டாவது குளிர்காலத்தில், ப்ளேடின் விளிம்பு சீக்கிரம் தேய்கிறது என்று மலை முகாமிலிருந்து புகார் வந்தது. விசிறியக்கா நேரில் பார்க்கப் போனாள். தம்பிக்கும் அப்போது அங்கேதான் பணி.

அவள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, எல்லாவற்றுக்கும் உச்சியில் இருந்த காவல் சாவடியிலிருந்து ரேடியோ பேசியது. ஒரு சிப்பாய்க்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உதடு நீலம் பாரித்துவிட்டது. உடனே கீழே கொண்டுவராவிட்டால் பிழைக்க மாட்டார். பனியில் சுமந்து இறங்குவதென்றால் நாள்கணக்காகும். அந்தச் சாவடியோ, தட்டான் இவ்வளவுதான் ஏறலாம் என்று விசிறியக்கா எழுதிக் கொடுத்திருந்த உயரத்துக்கும் மேலே இருந்தது.

முகாம் அதிகாரி அவளைக் கூப்பிட்டார். தம்பியும் அங்கே நின்றிருந்தான்.

"போகலாமா கூடாதா? செஞ்சவங்க நீங்க. நீங்கதான் சொல்லணும்," என்றார் அதிகாரி.

மேலே எவ்வளவு குளிர், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு, மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு தம்பியைப் பார்த்துப் பேசினாள்.

"ப்ளேடு தாங்கும். இன்ஜின்லதான் மிச்சத் தெம்பு எதுவும் இருக்காது. அங்க போய் அந்தரத்துல நிறுத்திப் பாக்கலாம்னு நினைக்காத. காத்துக்கு எதிரா வந்து, நேரா தரையில வெச்சிடு. முடியலன்னா திரும்பிடு."

"நீ ஓட்டுறவளா இருந்தா போவியா?"

"போவேன். உன்னை அனுப்புறதுதான் கஷ்டமா இருக்கு."

அவன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

கதவுகளைக் கழற்றினார்கள். பக்கத்து இருக்கை, கருவிப்பெட்டி, கேமரா எல்லாம் வெளியே வந்தன. தேவைக்கு மட்டும் எரிபொருள் விட்டார்கள். காலையில் தின்றதை மட்டும்தான் இறக்கி வைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தம்பி ஏறினான்.

வெள்ளைச் சுவர் போல நின்ற மலையில் தட்டான் ஒரு புள்ளியாகி ஏறுவதை அவள் தொலைநோக்கியில் பார்த்தாள். ரேடியோவில் அவன் மூச்சுதான் கேட்டது. புள்ளி சாவடியை நெருங்கியது, சட்டென்று சரிந்தது, விலகிப் போனது.

"அக்கா, காத்து திசை மாறிடுச்சு. இன்னொரு பக்கமா வந்து பாக்கட்டுமா?"

அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ரேடியோவை வாயருகே கொண்டுபோனாள்.

"நீ சொன்னபடி கேக்குதா அது?"

"கேக்குது."

"அப்ப போ."

பாறை விளிம்பில் ஒரு குழாய்க் காலை மட்டும் ஊன்றினான். மற்றது பள்ளத்துக்கு மேல் தொங்கியது. சுற்றுகிற ப்ளேடுகளுக்கு அடியில் குனிந்து ஊர்ந்து வந்த வீரர்கள், ஆக்சிஜன் முகமூடி மாட்டிய சிப்பாயை உள்ளே கிடத்திக் கட்டினார்கள்.

அடுத்து நடந்ததை அவள் உயிருள்ளவரை மறக்கவில்லை. கூடுதலாக ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு எழும்ப இன்ஜினில் தெம்பில்லை. தம்பி எழும்பவே பார்க்கவில்லை. விளிம்பிலிருந்து முன்பக்கமாகக் கவிழ்த்துப் பள்ளத்துக்குள் விட்டுவிட்டான். புள்ளி கல்லைப் போல விழுந்தது. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூடவில்லை. விழுகிற வேகத்தில் ப்ளேடுகளுக்குக் காற்று அகப்பட்டது. விழுந்துகொண்டிருந்தது மெல்ல வளைந்து, பறக்கத் தொடங்கியது. காகிதத்தில் அவள் பல தடவை வரைந்த வளைவுதான் அது. ஆனாலும் அதை அவள் செய்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

தட்டான் முகாமில் இறங்கியதும் சிப்பாயை மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கி ஓடினார்கள். தம்பி இறங்கவில்லை. குளிரில் அவன் விரல்கள் பிடியிலேயே விறைத்திருந்தன. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்து எடுத்து, தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

சிப்பாய் பிழைத்துவிடுவார் என்று சாயங்காலம் மருத்துவர் சொன்னார். இனி எழுதிக் கொடுத்த உயரத்தைக் கூட்டிவிடலாமே என்று அதிகாரி கேட்டுப் பார்த்தார். விசிறியக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னைக்குப் போச்சு. தினமும் போகும்னு நான் எழுத மாட்டேன் சார்."

மறுநாள் கதவுகளும் இருக்கையும் திரும்பப் பொருத்தப்பட்டன. அத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடத் தட்டானில் ஏறியதில்லை. நேரமும் வாய்க்கவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. தம்பி கூப்பிட்டான். முகாமுக்கு மேல் ஒரு சுற்று. கீழே பனிமுகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்துகொண்டே போயின. அவள் கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள். ப்ளேடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர்ப் பரப்பு போல ஒரு மினுக்கம், அதற்குப் பின்னால் நீல வானம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.