கோடு போட்ட கட்டங்கள்

ஸ்டெப்னியைத் தட்டிப் பார்க்காமல் அவர் ஆம்புலன்ஸில் ஏறியதே இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். நடுவழியில் டயர் வெடித்து, மாற்ற இன்னொன்று இல்லையென்றால் உள்ளே படுத்திருப்பவர் கதி என்னாவது என்பார். வாய் ஓயாமல் பேசுவதால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் 'சைரன்'.

அந்த மாதம் முழுக்கச் சைரன் மகளைப் பற்றியே ஊதிக்கொண்டிருந்தார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது புண் துடைத்து, மருந்து கொடுத்து, படிப்பில் இரண்டு வருஷத்தைத் தொலைத்தவள் அவள். வயது வரம்பின்படி நர்சிங் சேர இதுதான் கடைசி வருஷம்.

விண்ணப்பத்தில் பள்ளிகளை எழுத மூன்று கட்டங்கள் இருந்தன. முதலாவதில் அப்பா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியை எழுதினாள். இரண்டாவதில் பேனாவை வைத்ததும் அவர் கையைப் பிடித்தார்.

"மத்த ரெண்டுலயும் கோடு போட்டுடு. இன்னொண்ணு எழுதினா நமக்கே நம்பிக்கை இல்லேன்னு ஆயிடும்."

"கிடைக்கலைன்னா என்னப்பா பண்றது?"

"வாயைக் கழுவு! நல்ல காரியம் பண்றப்ப என்ன பேச்சு இது? அங்க எனக்குத் தெரியாத ஆளா?"

தலைமை நர்ஸ்கூடச் சொல்லிப் பார்த்தார். "அண்ணே, மூணையும் நிரப்பச் சொல்லுங்க. லேப் டெக்னீஷியன் படிப்புக்கும் தனியா ஒரு விண்ணப்பம் போட்டு வைங்க." சைரன் சிரித்து மழுப்பினார். ஆஸ்பத்திரி முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இனி இறங்கி வந்தால் கௌரவம் என்ன ஆவது? சோறு போடாத கௌரவம்! மகள் இரண்டு கட்டங்களிலும் கோடு போட்டாள்.

பட்டியல் ஒட்டிய அன்று மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தார். மகள் பெயர் இல்லை. நான்கு மதிப்பெண்ணில் போய்விட்டது. பக்கத்துப் பலகையில் இன்னொரு நர்சிங் பள்ளியின் பட்டியல் இருந்தது. அதில் கடைசியாக இடம் கிடைத்த பெண் இவளைவிடப் பதினொரு மதிப்பெண் குறைவாக வாங்கியவள். தெரிந்த ஆட்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். லேப் படிப்புக்குக் கடைசித் தேதி போன வாரமே முடிந்திருந்தது.

மகள் அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. "அப்பா, ஸ்டெப்னி இல்லாம நீங்க ஒரு நாளாவது வண்டி எடுத்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது அவள் அதே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். அவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தால் வாளியை நகர்த்தி வழி விடுகிறாள். முனகுகிற நோயாளியின் நெற்றிக்கு அவள் கை தன்னையறியாமல் போகும். "தொடாதம்மா, உன் வேலையைப் பாரு" என்று நர்ஸ் அதட்டுவார். அதைக் கேட்டும் கேட்காதவர்போல அவர் வெளியே வந்துவிடுவார்.

நேற்று சக டிரைவர் ஒருவர் தன் மகளின் விண்ணப்பத்தோடு வந்தார். "ஒரே இடம்தாண்ணே போட்டிருக்கேன். நம்ம பொண்ணுக்குக் கிடைக்காமலா போயிடும்?"

சைரன் அந்தத் தாளை வாங்கினார். காலிக் கட்டங்களின் மேல் விரலை வைத்தார்.

"மூணையும் நிரப்புப்பா. வேற வழி வெச்சுக்கிறது பொண்ணு மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ஒரு கதவு சாத்தினா அவ தெருவுல நிக்கக் கூடாதே, அதுக்காக. என் வீம்புக்கு நான் என் பொண்ணு கையாலயே கோடு போட வெச்சேன். அதோ பாரு, வாளியைத் தூக்கிட்டுப் போறா."