முதலில் முட்டிய பல்

ஓரெஸ்ட் ஹிரிட்சன் பொய் சொல்கிறார் என்று மூன்று வருடம் நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எழுதியும் வைத்தேன்.

கனடாவின் யார்க்டன் ஊரில் ஒரு பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்வது என் வேலை. ஓரெஸ்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கனத்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு என் நாற்காலியில் சாய்வார். மற்ற இடங்களில் ஈறு ஓரளவு நன்றாகவே இருக்கும். இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் மட்டும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்க்கும் ஊசி ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறங்கும், இரத்தம் கசியும். நாலு மில்லிமீட்டர், அப்புறம் ஐந்து, அப்புறம் ஏழு.

“பல்லிடுக்குல நூல் விட்டுச் சுத்தம் பண்றீங்களா?”

“தினமும் பண்றேன், லோர்னா.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. உங்க ஈறு வேற கதை சொல்லுதே.”

“வாயை மூடினா இந்தப் பல்லுதான் முதல்ல முட்டுது. பல்லு மேல கேப் போட்டதுல இருந்தே அப்படித்தான்.”

“பேச்சை மாத்தாதீங்க,” என்றேன்.

அந்த முட்டலைப் பற்றி அவர் மூன்று முறை சொன்னார். ஒரு முறைகூட நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ‘வீட்டில் சுத்தம் செய்வதில்லை. செய்வதாகப் பொய் சொல்கிறார்’ என்றுதான் கணினியில் பதிந்தேன். கடைசி முறை, வரவேற்பறையில் காத்திருந்த அவர் மனைவி ஸ்லாவ்காவிடம் நாலு பேர் கேட்கும்படி, “உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கண்காணிங்க. சின்னப்பிள்ளை மாதிரி ஏமாத்துறார்” என்று சொல்லிச் சிரித்தேன். ஓரெஸ்ட் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் வரவில்லை. பிப்ரவரியில் வந்தபோது அந்தப் பல் ஆடிக்கொண்டிருந்தது. பழைய மருத்துவர் ஓய்வு பெற்று, க்வென் ஃபேர் என்ற இளம் மருத்துவர் வந்திருந்தார். உதவிக்கு நான் பக்கத்தில் நின்றேன்.

“கடிக்கும்போது எப்படி இருக்கு?” என்று மருத்துவர் கேட்டார்.

ஓரெஸ்ட் என்னை ஒரு முறை பார்த்தார். “பரவால்ல,” என்றார்.



மருத்துவர் மெல்லிய நீல மைத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து, “டக் டக்குன்னு கடிங்க” என்றார். மற்றப் பற்களில் நீலம் பட்டும் படாமலும் இருந்தது. அந்தக் கடைவாய்ப் பல்லில் மட்டும் மை கொட்டியதுபோல அப்பிக்கிடந்தது.

“கேப் உயரமா இருக்கு. கடி சரியில்லாததால மட்டும் ஈறு நோய் வராது. ஆனா ஈறு ஏற்கெனவே வீங்கியிருக்கிற இடத்துல, தினமும் இந்த ஒரு பல்லே எல்லா அடியையும் வாங்கினா, அதைப் பிடிச்சிருக்கிற எலும்பு சீக்கிரம் கரைஞ்சிடலாம். இதை முன்னாடி யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

ஓரெஸ்ட் தோளைக் குலுக்கினார். மருத்துவர் பழைய பதிவைத் தேடித் திரையைத் திறந்தார். திரை நாற்காலியைப் பார்த்துத்தான் இருந்தது. என் வரிகள், கீழே என் பெயர். ஓரெஸ்டின் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தார். முகமூடிக்குள் என் முகம் எரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பழி முழுவதும் கேப்பைக் கவனிக்காத பழைய மருத்துவர் தலையில் விழுந்திருக்கும். சில நொடிகள் அப்படித்தான் நின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

“சொன்னார்,” என்றேன். “என்கிட்டதான். மூணு தடவை. நான் எழுதல.”

ஓரெஸ்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி முன்னால் சொன்னதை மனைவி முன்னால்தானே திரும்பப் பெற வேண்டும்? வியாழக்கிழமை அவர்கள் போகும் உக்ரேனியத் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போனேன். ஸ்லாவ்கா பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பெரோகிக் கொழுக்கட்டைக்கு உருளைக்கிழங்கு வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: “உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல. தப்பு என்னோடது.”

அவள் கை நின்றது.

“ஒரு வருஷமா குளியலறை வாசல்ல நின்னு காவல் காத்தேன். அவர் நூலைத் தூக்கிக் காட்டுவார், நான் தலையாட்டுவேன். அப்பவும் முழுசா நம்பல. முப்பத்தோரு வருஷம் கூட இருந்த மனுஷனை விட்டுட்டு உன்னை நம்பினேன், லோர்னா.”

“மன்னிச்சிருங்க.”

“உன்னை மன்னிக்கிறது இருக்கட்டும். நான் அவர்கிட்ட என்னன்னு மன்னிப்புக் கேப்பேன்?” மாவு படிந்த புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போ. மாவு காயுது.”

மருத்துவர் கேப்பைத் தேய்த்து உயரத்தைக் குறைத்தார். ஈறுக்கடியில் ஆழச் சுத்தம் நடந்தது. நாலு மாதத்தில் ஆட்டம் பெருமளவு நின்றது. பல் தப்பியது. இறங்கிய ஈறு இறங்கியதுதான்.

சுத்தம் செய்ய வேறு ஆள் வேண்டும் என்று ஓரெஸ்ட் கேட்டுக்கொண்டார். இப்போது அடுத்த அறையில் பெவர்லியிடம் போகிறார். வழியில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார். போன வாரம் பெவர்லி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“இந்த மனுஷன் இருக்காரே, வாயைத் திறந்தா ஜோக்குதான். உன்கிட்டயும் இப்படித்தானா?”

இல்லை என்றேன். என் நாற்காலியில் அவர் ஒரு ஜோக்கும் சொன்னதில்லை.