பத்து மைக்ரோகிராம்

அத்தான் இரண்டு தாள்களைச் சாப்பாட்டு மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று அக்காவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். இன்னொன்று எங்கள் கம்பெனியின் பொருள் பட்டியலிலிருந்து கிழித்த பக்கம். என் கைப்பையிலிருந்து அதை எப்போது எடுத்தாரோ தெரியவில்லை. இரண்டிலும் ஒரே பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மட்டும் அந்தப் பெயருக்கு முன்னால் 'மனித' என்ற சொல் இருந்தது. அதற்கடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"இது உங்க கம்பெனியில செய்யறதுதானே?"

"ஆமா அத்தான்."

"அப்புறம் ஏன் இத்தனை நாளா வாயைத் தொறக்கலே?"

அக்காவுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஒரு மருந்து எட்டு மாதம் நன்றாகக் கேட்டது. போன மாதம் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இனி அது கேட்காது என்றார். அன்றிலிருந்து அத்தான் அந்த ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிப் பார்த்தேன். "நம்ம உடம்புல காவல்கார செல்லுங்க இருக்கு. அதுங்க மேல இது ஒரு பிரேக் மாதிரி. கேன்சர் வந்து பிரேக்கை அமுக்கிடுது. அக்காவுக்குப் போட்ட மருந்து அதை அமுக்க விடாம மூடிக்கும். நாங்க செய்யறது அந்த மருந்தில்லே. வெறும் பிரேக்கு. மருந்து சரியாப் போய் ஒட்டுதான்னு லேப்ல சோதிக்கறவங்க வாங்குவாங்க."

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அத்தானின் உத்தியோகம். வாய் சொல்வதை நம்பமாட்டார், முள் காட்டினால்தான் நம்புவார். வீட்டுக்கு வாங்கிய சர்க்கரையைக்கூட எடை போட்ட பிறகே டப்பாவில் கொட்டுவார். அக்கா இதற்காக அவரைக் கேலி செய்யாத நாளில்லை.

"கடைக்காரன் தராசை எதை வெச்சு சோதிக்கறேன்? என் எடைக்கல்லை வெச்சு. அப்போ தராசு உசத்தியா, கல்லு உசத்தியா?"

"கல்லுதான்."

"மருந்தையே சோதிக்கறதுன்னா அது மருந்தை விட உசத்திதானே? ஒண்ணே ஒண்ணு கொண்டு வா."

இருபத்தெட்டு வருஷ உத்தியோகம் அவரை அப்படி யோசிக்க வைத்தது. முடியாது என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் கம்பெனியில் மனித ஜீனை வேறு செல்லுக்குள் வைத்து வளர்த்து, அது சுரக்கும் அந்தப் பிரேக்கை, அதாவது ஏற்பிப் புரதத்தை, சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தி, சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றே பெரிய குப்பிகளில் அடைக்கிறார்கள். அவற்றுக்கு லேபிள் ஒட்டிப் பெட்டியில் வைப்பதும், வாங்குபவர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. பத்துப் புகாரில் எட்டு ஒரே புகார்: குப்பி காலியாக இருக்கிறது. காலியாக இருக்காது. அவ்வளவு கொஞ்சம் புரதம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. பொருள் உள்ளே இருக்கிறது, திறக்கும் முன் குப்பியைச் சுழற்றவும் என்று பொறுமையாக எழுதுவேன். பதினொரு வருஷத்தில் என் கையால் ஒரு காலிக் குப்பி வெளியே போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் அக்காவைப் பார்க்கப் போனால் கதவைத் திறந்துவிட்டு, யாரோ மீட்டர் பார்க்க வந்ததைப் போல விலகி நின்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவை நான் கொன்றுவிட்டதாகவே முடிவு கட்டிவிட்டாரா இந்த மனுஷன்?

வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்கா என்னை வரச்சொன்னாள். மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"அவரு கேட்டதைக் கொண்டு வாடி."

"அக்கா, அது மருந்தில்லே..."

"எனக்குத் தெரியாதா? காலியா ஒண்ணு கொண்டு வா. பாத்தா வித்தியாசமே தெரியாதுன்னு நீதானே சொல்லுவே?"

என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"ராத்திரி பூரா அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். எல்லாம் செஞ்சு பாத்தோம்னு இருக்கணும் அவருக்கு. நான் போனப்புறம், கேட்டேன், இவ தரலேன்னு உன்னைப் பாக்கறப்பல்லாம் நெனைச்சுக்கிட்டே இருந்தா? எனக்கப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் வேற யாருடீ இருக்கா?"

போனப்புறம் என்பதை ஊருக்குப் போவதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் கழுவி உலர்த்திய புதுக் குப்பி ஒன்றையும், மை கலைந்துபோனதால் ஒதுக்கிய லேபிள் ஒன்றையும் எடுத்தேன். ஆயிரக்கணக்கில் ஒட்டிய கைதான். அன்று லேபிள் கோணலாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தானிடம் குப்பியைக் கொடுத்தேன். கைக்குட்டையை விரித்து அதில் வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது அத்தான். பத்து மைக்ரோகிராம்தான்."

"அப்படின்னா?"

"ஒரு கிராமை லட்சம் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு."

"லட்சத்துல ஒண்ணு," என்றார். "எங்க ஆபீஸ்ல எந்தத் தராசுலயும் நிக்காது." பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். பிறகு லேபிளின் கடைசி வரியைப் படித்தார். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

"எல்லாத்துலயும் போடறதுதான்," என்றேன்.

"ஊசியாப் போடணுமா?"

"வேணாம், வேணாம். குடிச்சாப் போதும்."

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தார். சொட்டுக்குழாயால் குப்பிக்குள் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, டம்ளரில் ஊற்றினார். சுவரில் ஒட்டியது வீணாகக் கூடாதென்று மறுபடியும் தண்ணீர் விட்டு அலசி ஊற்றினார். ஐந்து தடவை செய்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அக்கா மட்டும் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண போட்டோவில்கூட அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி மெதுவாகக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"லேசாக் கசக்குதுங்க."

இவ்வளவு போதாதா, இதை வேறு எதற்குச் சேர்த்தாள்?

அத்தான் டம்ளரைத் திரும்ப வாங்கினார். உள்ளே பார்த்தார். அடியில் தங்கியிருந்த சொட்டை உள்ளங்கையில் கவிழ்த்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். சோதிக்காமல் எதையும் நம்பாத மனுஷன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "கசக்கத்தான் செய்யுது."

தலையணையை நிமிர்த்தி அவளைச் சாய்த்துவிட்டு, டம்ளரோடு சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். டம்ளர் நிறைந்து அவர் கைமேல் வழிந்துகொண்டிருந்தது. அவர் முதுகைக் காட்டியபடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.