வன்னியபெருமாள் நிமிர்ந்த கதை

வன்னியபெருமாள் அண்ணாச்சிக்குக் கழுத்து வலி வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரும்புக் கடைக்காரருக்கு ஆணி, கீல், தாழ்ப்பாள் என்று எதை எடுக்கவும் குனியத்தான் வேண்டும். ஆனால் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல, நீங்க நிக்கிற நிலைதான் சரியில்ல. நல்ல ஃபிட்னஸ் டிரெய்னராப் பாருங்க" என்றபோது அவருக்குக் கோபம் வந்தது. ஐம்பது வயதுவரை விழாமல் நின்றவனைப் பார்த்து உனக்கு நிற்கத் தெரியவில்லை என்றால் யாருக்குத்தான் வராது?

கோபம் ஒரு நாளில் தீர்ந்தது, வலி தீரவில்லை. மறு வாரம், மனைவி செல்லத்தாயிடம் கடற்கரைக்கு வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக இரண்டு தெரு தள்ளியிருந்த ஜிம்மின் மாடிப்படி ஏறினார். அங்கே ஜெனிலா இருந்தாள். நாசரேத்துக்காரி, டிரில் மாஸ்டர் மகள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும்; கேள்வி கேட்கிற தோரணையைப் பார்த்தால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரே எழுந்து நிற்பார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க அண்ணாச்சி?"

"யாவாரம் ஓடுனா நிப்பேன். ஓடலேன்னா உக்காந்திருப்பேன்."

ஜெனிலா படிவத்தில் 'பத்து மணி நேரம்' என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்து, வேட்டி சட்டையைக் கழற்றிவிட்டு அரைக்கால் டிரவுசரோடு வந்து சுவரோரம் நிற்கச் சொன்னாள். சுவர் முழுக்கக் கட்டம் போட்ட தாள். அதற்கு முன்னால் மேலிருந்து ஒரு நூல் தொங்கியது, நுனியில், சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் பார்க்கும் தூக்குக்குண்டு.

"இது நம்ம கடைச் சரக்குல்லா?"

"ஆமா அண்ணாச்சி, உங்ககிட்டதான் வாங்கினேன்."

ஊரிலுள்ள சுவருக்கெல்லாம் முப்பது வருடமாகத் தூக்குக்குண்டு விற்றவர், அதன் பக்கத்தில் தான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. தோளிலும் இடுப்பிலும் முட்டியிலும் அவள் சிவப்புப் பொட்டு ஒட்டினாள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று போட்டோ எடுத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரச் சொன்னாள். பின்னால் நாற்காலி இல்லை என்பதை அவர் பாதி வழியில்தான் கவனித்தார்.

"ஏம்மா, இந்தப் போட்டோவை ஒரு கண்ணு பாக்கக்கூடாது. என் பொண்டாட்டியே என்னைய இந்தக் கோலத்துல பாத்ததில்ல."

"நீங்களாக் காட்டினாத்தான் உண்டு" என்று சொல்லி, படத்தில் சிவப்புக் கோடு போட்டு அவருக்கே அனுப்பிவைத்தாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஜெனிலா அதையும் தெரிய வைத்துவிட்டாள். தலை நூலைத் தாண்டி முன்னால் போயிருந்தது. முதுகு வளைந்திருந்தது. வலது தோள் இடது தோளைவிட மூன்றரை சென்டிமீட்டர் கீழே கிடந்தது.

"இந்த ஒரு தோளுக்கு மட்டும் அப்படி என்ன பாரம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு மட்டும் வன்னியபெருமாள் பெருமையாகப் பதில் சொன்னார். தெரு அம்மன் கோயிலில் வருடா வருடம் நடக்கும் கொடைத் திருவிழாவில், அம்மனைத் தோளில் சுமந்து வரும் சப்பரத்தின் வலது முன் தண்டு அவருடையது. நாலு மூலைக்கு நாலு பேர். முன் தண்டுதான் முதல் மரியாதை. அவருக்குக் கல்யாணமான வருடமே அப்பா தன் தோளிலிருந்து இறக்கி இவர் தோளில் வைத்தது. இருபத்திரண்டு வருடமாகக் கொடைக்கு நாற்பது நாள் முந்தியே கம்பில் எடைக் கல் கட்டி வலது தோளில் தூக்கி ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடுவார். கடை போனாலும் போகட்டும், அந்தத் தண்டு போகக்கூடாது என்பது அவர் கணக்கு.

அந்தச் சப்பரத்தின் கீழ் நடக்கும்போது அவர் கண்டதெல்லாம் தன் இரண்டு பாதமும், அதற்குக் கீழே நனைந்த தார் ரோடும்தான். மதிய வெயிலில் கால் சுடாமலிருக்கக் கோயிலில் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொள்வார். முதல் வருடம் வீட்டுக்கு வந்ததும் செல்லத்தாய், "என்னையப் பாத்தியளா?" என்று கேட்டாள். புதுப்பெண்டாட்டி. இல்லை என்று எப்படிச் சொல்வது? "மாடியில நின்னே, பாத்தேன்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பாள், இவரும் மாடியிலேயே பார்ப்பார்.

மூன்று மாதம். சுவரில் முதுகை ஒட்டிக் கையை ஏற்றி இறக்கினார். ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுத்தார். கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, உயரமாயிட்டியளோ?" என்று கேட்டார்கள். கடைசிப் போட்டோவில் நூல் காது, தோள், இடுப்பு, முட்டி எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொட்டுக்கொண்டு இறங்கியது. இந்த வருடம் கல் கட்டித் தூக்கும் ஒத்திகை வேண்டாம் என்று ஜெனிலா தடுத்திருந்தாள். அங்கேதான் வினை.

கொடைக்கு ஏழு நாள் முன்னால் காப்புக் கட்டினார்கள். அன்றிலிருந்து கவிச்சி கிடையாது, பாயில்லாமல் தரையில் படுக்க வேண்டும். மறுநாள் வெள்ளோட்டம். அம்மன் இருக்க வேண்டிய இடத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய குடத்தை வைத்துச் சப்பரத்தைத் தெருமுனைவரை கொண்டுபோய்த் திரும்புவார்கள். சொட்டுச் சிந்தக்கூடாது. இத்தனை வருடத்தில் சிந்தியதும் இல்லை.

நாலு பேரும் தூக்கினார்கள். நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழி அன்றைக்குப் பொய்த்தது. தண்ணீர் ஒரு சாய்வாக வந்து, இடது பின் தண்டு சுடலைராஜின் தலையில் கொட்டியது.

தர்மகர்த்தா சிவசுப்பிரமணியன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா ஆளைச் சுட்டிக் காட்டிட்டா. ஏலே சுடலைராஜ், உள்ளதைச் சொல்லிரு."

சுடலைராஜ் ஈரத் தலையோடு கும்பிட்டார். "நெத்திலிக் கருவாடு… வீட்டுல ஆள் இல்ல. ரெண்டே ரெண்டு."

"ரெண்டா?"

"ஒரு தட்டு."

அவரை விலக்கிவிட்டு, வலது பின் தண்டு செந்தூர்வேலை அந்த மூலைக்கு மாற்றி, அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்தினார்கள். அடுத்த நாள் தண்ணீர் செந்தூர்வேல் தலையில் விழுந்தது. விரதத்துக்குத் தரையில் படுக்காமல் ஏசி அறையில் மெத்தையில் படுத்ததை அவன் அங்கேயே ஒப்புக்கொண்டான். மூன்றாம் நாள், "சுத்தமானவன் எப்படித் தூக்குவாம்னு காட்டுதேன்" என்று தர்மகர்த்தாவே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மூலைக்குப் போனார். முழுக் குடமும் அவருக்குத்தான். ரொம்ப நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றவர், அம்மனுக்கு வந்த பட்டுக்குடையைப் பேத்தி சடங்குக்கு எடுத்துப்போன விஷயத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இத்தனைக்கும் ஒருவர் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "முன் தண்டுல வன்னியபெருமாளைப் பாருங்க. நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்காரு. குத்தமுள்ளவன் இப்படி நிப்பானா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வன்னியபெருமாளுக்கும் குறுகுறுத்தது, ஜெனிலா கொடுத்த பயிற்சியால் அது குறுகவில்லை, அவ்வளவுதான். முதல் நாளே அவருக்கு விளங்கிவிட்டது. முன் வலது மூலை இரண்டு விரல்கடை உயர்ந்தால் தண்ணீர் பின் இடது மூலைக்குத்தான் போகும். தூக்குக்குண்டு விற்கிறவனுக்கு இது தெரியாதா? யாரும் பார்க்காதபோது பழையபடி கூனிப் பார்த்தார். பத்தடி நடப்பதற்குள் தோள் தானாக மேலே போயிற்று. உண்மையைச் சொன்னால் தண்டு போய்விடும். மற்ற மூன்று மூலைக்கும் பழைய உயரத்தில் தோள் ஒத்துவருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கோயிலில் காத்திருக்கிறார்கள்.

விடிந்ததும் ஜெனிலாவிடம் ஓடினார். "ஏம்மா, என்னையப் பழையபடி கோணலாக்கிரு."

"நேராக்கத்தான் நான் படிச்சிருக்கேன் அண்ணாச்சி. கோணலாக உங்களுக்கே இருபத்திரண்டு வருசம் ஆச்சே. மூணு நாள்ல என்னால எப்படி முடியும்?"

கடைக்கு வந்தால் சுடலைராஜ் ஆணி டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தது. "இருவது வருசமாத் தூக்குதேன்வே. ஒரு தட்டுக் கருவாட்டுக்கு அம்மா என்னைய வேண்டாம்னுட்டாளே. கொடையையே நிறுத்திரலாமான்னு பேசுதாவ. எல்லாம் என்னாலதான்" என்று சொல்லி அழுதார். ஆண்பிள்ளை அழுவதை ஆணி நிறுத்துக்கொண்டு பார்க்க வன்னியபெருமாளால் முடியவில்லை. தண்டு போனால் போகிறது என்று அந்த நிமிடம் தோன்றியது. மனம் வலிக்கத்தான் செய்தது.

சாயங்காலம் கோயிலில் கூட்டம் கூடியதும் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர்கூட நம்பவில்லை.

"எக்சைஸ் பண்ணா சப்பரம் சாயுமாக்கும்! சுடலைராஜைக் காப்பாத்தப் பழியைத் தன் தலையில போட்டுக்கிடுதாரு. பெரிய மனசு."

வேறு வழியில்லாமல் செல்போனை எடுத்தார். தானே தன் கையால் அந்தப் போட்டோவைத் திறந்து தர்மகர்த்தாவிடம் நீட்டினார்.

"இது யாருய்யா, டிரவுசர் போட்டுக்கிட்டு? போலீஸ் ஸ்டேசன்ல எடுத்ததா?"

போன் கைக்குக் கை மாறியது. பின்பக்கப் போட்டோவுக்குச் சிரிப்புக் கூடுதலாக இருந்தது. அது ஆண்கள் பக்கம் முடிந்து பெண்கள் பக்கம் போனதும் செல்லத்தாயின் குரல் கேட்டது. "கடற்கரையில இப்படித்தான் வாக்கிங் போறாகளாக்கும்!"

படம் போதாது என்று கடையிலிருந்து கொண்டுவந்திருந்த தூக்குக்குண்டைச் சப்பரத்தில் கட்டினார். குடம் ஏறியது. நாலு பேரும் தூக்கினார்கள். இடது பின் தண்டுக்கு வேறு ஆள் வர மறுத்ததால் அங்கே மறுபடியும் தர்மகர்த்தாதான்.

"கூனும்" என்றார் தர்மகர்த்தா. வன்னியபெருமாள் கூனினார். நூல் சப்பரத் தூணை ஒட்டி நேராக நின்றது.

"நிமிரும்."

தண்ணீர் வந்தது.

"எதுக்கும் இன்னொரு மட்டம் பாத்திருவோம்" என்று சொல்லி இரண்டாவது முறையும் நனைந்த பிறகுதான் அவருக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கையோடு கோபமும் வந்தது. "அப்ப நாங்க மூணு பேரும் வாயைத் தொறந்து சொன்னதெல்லாம் வீணா? பட்டுக்குடை விசயம் ஊர் பூராத் தெரிஞ்சு போச்சேய்யா! இவரு தண்டைப் பிடுங்கி வேற ஆளுக்குக் குடுங்க."

வன்னியபெருமாள் தலை குனிந்தார். அப்போது சுடலைராஜ்தான் எழுந்தார்.

"தண்டு அவருட்டயே இருக்கட்டும். கூனுனா கழுத்து வலி வரும், பாவம். மத்த மூணு தண்டுக்காரங்களும் தோள்ல துண்டை மடிச்சு வச்சு உசத்திக்கிடுதோம். ஆனா ஒண்ணு. நாங்கள்லாம் குத்தத்தை ஒத்துக்கிட்டாச்சு. நிமுந்தது ஒரு குத்தமா? இவரும் உள்ளபடி ஒரு குத்தம் சொல்லணும்."

இது நியாயம் என்று எல்லோரும் ஆமோதித்தார்கள். வன்னியபெருமாள் யோசித்தார். கருவாடு தின்னவில்லை, மெத்தையில் படுக்கவில்லை. கடைசியில் பெண்கள் பக்கம் பார்க்காமல் சொன்னார். "சப்பரத்துக்கடியில என் கண்ணுக்கு ரோடு தவிர ஒண்ணும் தெரியாது. வருசா வருசம் இவ கேக்கும்போது, மாடியில நின்னே, பாத்தேம்னு பொய் சொல்லிக்கிட்டு வாரேன்."

"தெரியும்" என்றாள் செல்லத்தாய். "நான் ஒரு வருசம்கூட மாடியில நிக்கவே இல்லியே."

"அப்ப நீ எங்கன நின்னே?"

"இந்த வருசம் நிமுந்துதானே வரப்போறிய. நீங்களே பாத்துக்கிடுங்க."

கொடையன்று மதியம், மூன்று துண்டுகளும் ஒரு நிமிர்ந்த தோளும் சேர்ந்து சப்பரத்தைத் தூக்கின. அம்மன் அசையாமல் நேராக வந்தாள். வன்னியபெருமாள் முதல்தடவையாகத் தெருவைப் பார்த்தார். கொட்டுக்காரர்கள் முகம் தெரிந்தது. தன் வீட்டு மாடி தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. எதிர்வீட்டுப் படியில் இல்லை, தெருக்குழாய்ப் பக்கம் நின்ற கூட்டத்திலும் இல்லை. வீடே தாண்டிப் போயிற்று.

அப்புறம்தான் பார்த்தார். தனக்கு நேர் முன்னால், நாலடி தூரத்தில், ஈரப் புடவையோடு ஒருத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவர் வலது பாதமும் இடது பாதமும் விழப்போகிற இடத்தில் மட்டும் அளந்து ஊற்றினாள். குடம் தீர்ந்ததும் அடுத்த வீட்டுக் குழாய்க்கு ஓடினாள், நிறைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்துக்கொண்டு வந்த நனைந்த ரோடு அது. ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது; அவருக்கும் தெரியும் என்று நினைத்து யாரும் சொல்லவில்லை.

வன்னியபெருமாளுக்குக் கண் நிறைந்து தோள் தளர்ந்தது. சப்பரம் ஒரு பக்கமாக ஆடியது.

"வே, நிமிரும்வே! நிமிரும்!" என்று தன் பழைய பின் தண்டிலிருந்து சுடலைராஜ் கத்தினார்.

அவர் நிமிர்ந்தார். செல்லத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துட்டியள்லா? சரி, காலை இங்கன வைங்க. ரோடு சுடுது."