பச்சைச் சீழ்

சீழும் சளியும் காலிதாவுக்குப் புதிதல்ல. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. அப்படிப்பட்டவளே அன்று காலை கண்ணாடித் தட்டைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூடை கூடையாகத் திராட்சையை வெயிலில் அழுக விட்டது போன்ற ஒரு தித்திப்பு வாடை. தட்டு முழுக்க வழவழவென்று பச்சை. மருந்து தோய்த்த வில்லைகளைச் சுற்றிக் கிருமிகள் செத்துத் தெளிவான வட்டம் விழுந்திருக்க வேண்டும். ஒன்றைச் சுற்றியும் விழவில்லை. வில்லையின் விளிம்புவரை மொய்த்துக் கிடந்தன.

அந்தச் சீழ் உச்சிப்புளிக்காரன் தங்கப்பாண்டியின் காலிலிருந்து எடுத்தது. புதுமடம் பக்கம் ஓர் இறால் குளத்தில் வேலை செய்தவன். சேற்றுக்குள் இருந்த சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்திருந்தது. அந்தக் குளம் காலிதாவின் அக்கா லத்தீபாவின் கணவர் சதக்கத்துல்லாவுடையது.

முடிவை வாங்க வந்த தங்கப்பாண்டியின் மனைவி முருகலட்சுமி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடியே பேசினாள். "ஆஸ்பத்திரியில கட்டப் பிரிச்சா பச்சையா வடியுது மேடம். பக்கத்துக் கட்டில்காரவுக எந்திரிச்சுப் போயிடுறாக. இம்புட்டு ஊசி போட்டும் கேக்கலையே, மருந்து போலியா?"

"மருந்து நல்ல மருந்துதான்" என்றாள் காலிதா. "கிருமியச் சுத்தித் தோல் மாதிரி ஒரு சவ்வு இருக்கும்மா. கொழுப்பால ஆனது. தீனி உள்ள வாரதுக்கும் கழிவு வெளிய போறதுக்கும் அதுல குட்டிக் குட்டி வாசல் இருக்கு. நம்ம மருந்தும் அது வழியாத்தான் நுழையுது. ஆனா இந்தக் கிருமியோட சவ்வுல பம்பு மாதிரி ஒண்ணு நெறைய இருக்கு. மருந்து உள்ள வரவர வெளிய எறைச்சுத் தள்ளிடுது."

"வள்ளத்துல தண்ணி எறைக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதான். எறைக்கிற வரைக்கும் முங்காது."

"கண்ணுக்கே தெரியாத சனியனுக்கு இம்புட்டு ஏற்பாடா!" முருகலட்சுமியின் முகம் அருவருப்பில் கோணியது.

ஒரு மருந்து பாக்கி இருந்தது. கொலிஸ்டின். வாசலில் காத்திருக்காமல் சவ்வையே கிழித்துப் போடுவது. சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியது என்பதால் கடைசியாகத்தான் கையில் எடுப்பார்கள். காலிதா அதைத் தனியாகச் சோதித்தாள். கிருமி செத்தது. உடனே மருத்துவருக்குப் போன் செய்தாள்.

மதியமே பஸ் ஏறி மச்சானின் குளத்துக்குப் போனாள். கரையில் கால் வைக்க முடியவில்லை. செத்த இறால்கள் ஓரமாக ஒதுங்கி ஊதிக் கிடந்தன. நுரையின் மேல் இறால் கழிச்சல் வெள்ளை நூல் நூலாக மிதந்தது. சதக்கத்துல்லா ஒரு டிரம்மில் தீவனத்தையும் மீன் எண்ணெயையும் மஞ்சள் நிறப் பொடி ஒன்றையும் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன மச்சான் அது?"

"எறாலுக்கு மருந்து. மூணு மாசமாப் போடுறேன். இப்பல்லாம் கொஞ்சமாப் போட்டா கேக்க மாட்டேங்குது, கூடப் போடுறேன்."

காலிதா பொடி இருந்த பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். தங்கப்பாண்டிக்கு ஊசியில் ஏற்றிய மருந்தின் இனம்தான்.

"இதைக் கொட்டக் கொட்ட, கிருமியில மருந்த வெளிய தள்ளுற பம்பு கம்மியா உள்ளது செத்துப் போகும். கூடுதலா உள்ளது பொழைச்சுப் பெருகும். அதுதான் தங்கப்பாண்டி கால்ல இருக்கு. அவருக்கு பூட்ஸ் குடுத்தீங்களா?"

சதக்கத்துல்லா தண்ணீரில் காறித் துப்பினார். பிறகு சிரித்தபடி, அதே கையால் கூடையிலிருந்து இறாலை அள்ளிப் பையில் போட்டு நீட்டினார். "வீட்டுக்குக் கொண்டு போ. தொக்கு வையி."

போன வாரம் லத்தீபா லாத்தாவின் வீட்டில் வழித்துச் சாப்பிட்ட தொக்கு நினைவுக்கு வந்தது. காலிதா கருவேலம் புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரை மொண்டாள்.

அந்தத் தண்ணீரிலும் அதே பச்சை வளர்ந்தது. எந்த வில்லைக்கும் அடங்கவில்லை. அவள் மீன்வளத் துறை அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் வருகிறோம் என்றார்கள். இறால் வாங்கும் வியாபாரியோ வெள்ளிக்கிழமை வரப் போகிறார் என்று லத்தீபாவின் பேச்சிலிருந்து தெரிந்தது. அதற்குள் தங்கப்பாண்டியின் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். காலிதா வார்டுக்குப் போய் முருகலட்சுமியிடம் வியாபாரி வரும் நாள் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். "அது எங்க மச்சான் குளம்" என்பதையும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை காலிதா போய்ச் சேர்ந்தபோது ஐஸ் லாரி கரையில் நின்றது. முருகலட்சுமி முன்னாடியே வந்திருந்தாள். ஒரு வாளியில் குளத்துச் சேறும் தண்ணீருமாக மொண்டு வந்து, வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்த சதக்கத்துல்லாவின் முன்னால் வைத்தாள். கறுப்புச் சேறு. அதில் ஒரு செத்த இறால் மல்லாந்து மிதந்தது.

"கால இதுக்குள்ள விடுங்க மொதலாளி."

"என்ன புள்ள இது? கோட்டி புடிச்சிருச்சா?"

"எம் புருசன் நாளெல்லாம் நின்ன தண்ணிதானே. நல்ல தண்ணின்னா விடுங்க. இந்தா, ஏவாரி அய்யாவும் பாக்கட்டும்."

சதக்கத்துல்லா வாளியைப் பார்த்தார். அவருடைய குதிகாலில் வெடிப்பு இருந்தது. வெள்ளைச் செருப்போடு ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த ஓரடியே வியாபாரிக்குப் போதுமானதாக இருந்தது. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு லாரியைத் திருப்பச் சொன்னார்.

"நீதானே சொல்லிக் குடுத்த?" சதக்கத்துல்லா காலிதாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஆமா மச்சான்."

அதிகாரிகள் வந்து குளத்தில் குளோரின் கொட்டச் சொன்னார்கள். செத்த இறாலைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதுமடம் வரை நாற்றம் அடித்தது. கொலிஸ்டின் ஏற்றிய பிறகு தங்கப்பாண்டிக்குக் காய்ச்சல் இறங்கியது. அந்த மருந்தால் முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் குறைந்து பயம் காட்டி, மெல்லத் தெளிந்தான். இப்போது உச்சிப்புளியில் ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறான்.

லத்தீபா ரமலான் வரைக்கும் தங்கையோடு பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் போன் செய்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல காலிதா?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப லாத்தா?"

"அவரு கைய எத்தனை தடவ கழுவினாலும் எனக்கு அந்த நாத்தம் போகல" என்றாள் லத்தீபா. "ஒரே தட்டுல சோறு திங்க முடியல, காலிதா."