பச்சை இலையில் ஒரு திருத்தம்

அன்று காலை முதலாம் வகுப்பு 'ஆ' பிரிவு அறையில் இருந்தவர்கள்: வகுப்பு ஆசிரியை, பாதியில் வந்து சேர்ந்த தலைமை ஆசிரியை, வாசற்படியில் துடைப்பத்தோடு நின்ற ஆயாம்மா, பிள்ளைகள் இருபத்தொரு பேர் (இருபத்திரண்டாவது பையனுக்குக் காய்ச்சல்), பெற்றோரில் மருந்துக்கடைக்காரரின் மனைவி, பேருந்து நடத்துநர், முகம் மட்டும் தெரிந்த இன்னும் பதினைந்து பேர், லிஃப்ட் பழுதுபார்க்கும் என் மாப்பிள்ளை, வீட்டில் பட்டாணி என்று அழைக்கப்படும் என் பேத்தி, நான். பட்டாணியின் அம்மா, அதாவது என் மகள், வரவில்லை. அவள் செவிலி. அன்று அவளுக்குக் காலைப் பணி.

இந்தப் பட்டியலை முதலில் எழுதக் காரணம் உண்டு. அந்த அறைக்குள் கால் வைக்காதவர்கள்தான் அங்கே நடந்ததைப் பற்றி இன்று அதிகம் பேசுகிறார்கள்.

நான் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் பதிவாளர். யார் யாருக்கு மகன், யார் யாருக்கு மனைவி என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தில் உறுதி சொன்னது என் கை. எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. பேச நான் இடம் கொடுத்ததும் இல்லை.

விழாவின் பெயர் 'எங்கள் குடும்ப மரம்'. பழுப்புக் காகிதத்தில் வெட்டிய பெரிய மரம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கிளை. வீட்டில் கூடவே இருப்பவர்களுக்குப் பச்சை இலை, வேறு வீட்டில் இருப்பவர்களுக்கு மஞ்சள் இலை, காலமானவர்களுக்கு வெள்ளி நட்சத்திரம். இலையில் உறவும் பெயரும் எழுதி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பிள்ளை அதை ஒட்டி, அந்த ஆளைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான். நாற்காலிகள்தான் முழங்கால் உயரம். நான் உட்காரவில்லை.

"உக்காருங்க ஐயா, ஸ்டாண்டிங்குக்கும் டிக்கெட் அதே ரேட்டுதான்" என்றார் நடத்துநர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வந்திருந்த பெரியவர்கள் தங்களைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. என் முறை வந்தபோது சொன்னேன்:

"ஓய்வு பெற்ற பதிவாளர். பட்டாணியோட தாத்தா. எனக்கு ஒரே மகள்."

அதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு தடுமாறவில்லை. ஒன்பது வருடமாகச் சொல்லி வருவதுதான். என் பக்கத்தில் அந்தக் குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பையன் தன் வீட்டு நாய்க்குப் பச்சை இலையும் தன் அண்ணனுக்கு மஞ்சள் இலையும் கொண்டுவந்திருந்தான். அண்ணன் விடுதியில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறானாம். ஆனால் தன் பென்சிலை உடைத்துவிட்டானாம். அறை குலுங்கியது. பிறகு பட்டாணி வந்தாள்.

முதலில் நட்சத்திரம். "இது பாட்டி. நான் பாத்ததில்ல. அம்மா சின்னப் பொண்ணா இருக்கும்போதே நட்சத்திரம் ஆயிட்டாங்க."

மஞ்சள் இலை. "இது தாத்தா. சனிக்கிழமை பத்து மணிக்கு வருவாங்க, பன்னெண்டு மணிக்குப் போவாங்க. லேட்டாவே வர மாட்டாங்க."

எனக்கு அதில் பெருமைதான்.

பச்சையில் அம்மா, பச்சையில் அப்பா. அதோடு முடிந்தது என்று கைதட்டப் போனேன். அவள் உறைக்குள் கையை விட்டு இன்னொரு பச்சை இலையை எடுத்தாள்.

"இது சித்தி."

மாப்பிள்ளையின் நாற்காலி கிரீச்சென்றது.

ஆசிரியை இலையை வாங்கிப் பார்த்தார். "பேர் எழுதலையே கண்ணு? சித்தி பேர் என்ன?"

"பேரு சொல்லக் கூடாது மிஸ்."

"ஏன்டா?"

"எங்க வீட்ல அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. சித்தின்னு மட்டும்தான் கூப்பிடணும்."

"அப்பாவோட தம்பி வொய்ஃபா?"

"அப்பாக்குத் தம்பி இல்ல. அண்ணனும் இல்ல. அப்பா மட்டும்தான்."

மருந்துக்கடைக்காரரின் மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே மகள் என்று கால் மணி நேரத்துக்கு முன் சொன்னவன் நான். அம்மாவுக்குத் தங்கை கிடையாது. அப்பாவுக்குத் தம்பி கிடையாது. சித்தி என்ற சொல்லுக்கு அப்புறம் மிஞ்சுவது ஒரே ஒரு பொருள்தான். அது எல்லோருக்கும் தெரியும். அப்பா கட்டிக்கொண்டுவந்த இன்னொருத்தி.

பேச்சை மாற்ற நினைத்து ஆசிரியை, "சித்தி ரொம்பப் பாசமா இருப்பாங்களா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"ஆமா மிஸ். அம்மா நைட் டியூட்டி போனா சித்திதான் என்னைத் தூங்க வைப்பாங்க. அப்பா சித்திக்குத் தோசக்கல்லுல முட்டை ஊத்திக் குடுப்பாங்க. சனிக்கிழமை மட்டும் தாத்தா வர்றதுக்கு முன்னாடி சமையல்கட்டுக் கதவு வழியா ஓடிருவாங்க. தாத்தாக்குத் தெரியக் கூடாது." அங்கே நிறுத்தி, கையால் வாயை மூடிக்கொண்டாள். "ஐயையோ, தாத்தா இங்க இருக்காங்க!"

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நடத்துநர் யாரிடமோ அடித்தொண்டையில் சொன்னது எனக்குக் கேட்டது: "மாப்ள டபுள் டெக்கர் ஓட்டுறாருப்பா."

"பாவம், அந்த நர்ஸுப் பொண்ணு" என்றார் மருந்துக்கடைக்காரரின் மனைவி. இதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை.

மாமனார் முன்னிலையில், ஊர் முன்னிலையில், ஆறு வயதுக் குழந்தை வாயால் இப்படி ஒரு சேதி. மாப்பிள்ளையைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. 'அப்படியில்லை' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அந்த ஆளை நான் அங்கேயே சட்டையைப் பிடித்துத் தூக்கியிருப்பேன். அதற்குள் ஆசிரியை இலையைச் சுவரில் ஒட்டிவிட்டார். அது என் கண் உயரத்தில் இருந்தது.

'சித்தி' என்று எழுதி, கடைசி எழுத்தை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு சாய்கோடு.

பதிவேட்டில் ஒரு பெயரை எழுதி முடித்ததும் நான் அப்படி ஒரு கோடு போடுவேன். பிறகு யாரும் அதோடு ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்க முடியாது. அலுவலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. என் மனைவி போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் என் மேஜைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய ஒருத்திக்கு மட்டும் உண்டு. தன் நோட்டின் அட்டையில் பெயர் எழுதினாலும் கோடு, கணக்குக்கு விடை எழுதினாலும் கோடு. அவளுடைய வாத்தியார் அதை எண் ஒன்று என்று படித்து மதிப்பெண்ணைக் குறைத்ததும் உண்டு.

என் இரண்டாவது மகள்.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் விடுப்பில் இருந்த ஒரு நாளில், என் அலுவலகத்திலேயே, என் உதவியாளர் கையெழுத்தோடு அவள் திருமணத்தைப் பதிந்துகொண்டாள். கப்பலில் வேலை பார்க்கும் பையன். மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்துதான் நான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்தில் மணமகளின் தந்தை என்ற இடத்தில் என் பெயரை அவள் கையாலேயே எழுதியிருந்தாள். அதன் கடைசியில் அந்தக் கோடும் இருந்தது. அன்றோடு எனக்கு ஒரே மகள் ஆனாள்.

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். நடைபாதையில் பிள்ளைகள் கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார்.

"யாரது?" என்று கேட்டேன். தெரிந்தும் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும் மாமா."

"எத்தனை நாளா?"

"பட்டாணி பொறந்ததுலேருந்து. அவ வீட்டுக்காரர் கப்பல் ஏறினா ஆறு மாசம், எட்டு மாசம். தனியா இருப்பாளேன்னு அவ அக்காதான் கூட்டிட்டு வந்தா. நைட் டியூட்டிக்கும் ஆள் வேணும்."

"நம்ம வீட்ல அவ பேச்சு வராதுன்னு எனக்கு வாக்கு குடுத்தீங்களே. உங்க கல்யாணத்தன்னிக்கு, என் கையைப் புடிச்சு."

"பேரைத்தான் எடுக்கக் கூடாதுன்னீங்க மாமா. எடுக்கல. குழந்தைக்குக்கூட இன்னும் தெரியாது. ஆளைச் சேர்க்கக் கூடாதுன்னு நீங்க சொல்லல."

போன சனிக்கிழமை சமையலறை மேடையில் பாதி குடித்த தேநீர்க் கோப்பை ஒன்று இருந்தது. கை பட்டபோது சுட்டது. இப்படி வீணாக்குகிறீர்களே என்று மகளைக் கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கழுவினாள். எத்தனை சனிக்கிழமைகள்! ஒரு கதவுக்கு அந்தப் பக்கம்.

"உள்ள அவங்க என்ன நினைச்சாங்கன்னு புரிஞ்சுதா உங்களுக்கு?"

"புரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? 'என் மச்சினி'ன்னு!"

"ஒரே மகள்னு நீங்க சொல்லி முடிச்சு கால் மணி நேரம்கூட ஆகல மாமா. அத்தனை பேர் முன்னாடி உங்களைப் பொய்யர் ஆக்கச் சொல்றீங்களா?"

அவர் குரல் உயரவில்லை. கையில் எண்ணெய்க் கறை இருந்தது. வேலைக்கு நடுவில் ஓடிவந்திருக்கிறார். என் சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று தன் பேரைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். என் குடும்பத்தின் மரியாதையைக் காப்பது நான் என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

உள்ளே பிஸ்கட் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். பட்டாணி தன் கிளைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண்ணை அவள் அம்மா, மருந்துக்கடைக்காரரின் மனைவி, கையைப் பிடித்துத் தள்ளி உட்கார வைத்தார். அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். என்ன நடந்தது என்று பட்டாணிக்குத் தெரியவில்லை. தன் பிஸ்கட்டை எடுத்து அந்தப் பெண் இருந்த இடத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

நான் உள்ளே போனேன். அப்போதுதான் தலைமை ஆசிரியையும் வந்து, அந்த இலையை எடுத்துவிடலாமா என்று வகுப்பு ஆசிரியையிடம் காதோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்க வேண்டாம்" என்றேன். "பதிஞ்சதைக் கிழிக்கக் கூடாது. பிழை இருந்தா ஓரத்துல திருத்தம் எழுதணும், கையெழுத்துப் போடணும், தேதி போடணும். அதுதான் முறை."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"தாத்தா, பென்சில்லதான் எழுதணும்" என்றாள் பட்டாணி. "பேனா மூணாங்கிளாஸ்லதான் குடுப்பாங்க."

"நான் மூணாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டேன்மா."

நடத்துநர் மட்டும் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

இலையின் ஓரத்தில் அவள் பெயரை முழுதாக எழுதினேன். ஒன்பது வருடமாக எழுதாத பெயர். எழுத்து ஒன்றுகூட மறக்கவில்லை. கீழே, 'பட்டாணியின் தாயோடு உடன்பிறந்த தங்கை' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். கோடு போடவில்லை. பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"கொஞ்ச நேரம் முன்னாடி எனக்கு ஒரே மகள்னு சொன்னேன். அது தப்பு. எனக்கு ரெண்டு மகள். இந்த இலை என் சின்ன மகளோடது. தப்பு குழந்தை மேலயும் இல்ல, என் மாப்பிள்ளை மேலயும் இல்ல."

வாசலில் ஆயாம்மாதான், "அப்படிச் சொல்லுங்க சாமி" என்றார்.

"அப்போ சித்தி இனிமே ஓட வேண்டாமா தாத்தா?" என்று கேட்டாள் பட்டாணி.

"வேண்டாம்."

"அப்போ அந்தப் பேரை நான் சொல்லலாமா?"

"படி" என்றேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். நடுவில் ஓர் எழுத்தை முழுங்கிவிட்டாள். நான் திருத்தவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். கதவைத் திறந்தது சின்னவள். ஓரமாக ஒதுங்கி நின்று, "வாங்கப்பா" என்றாள். முன் நெற்றியில் இரண்டு நரை. சமையலறையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அன்று நான் எழுந்தபோது மணி ஒன்றாகிவிட்டது.

மருந்துக்கடைப் பக்கம் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. மாப்பிள்ளையின் குட்டு உடைந்ததும், அவரைக் காப்பாற்றக் கிழவர் இல்லாத ஒரு மகளை நின்ற இடத்தில் உண்டாக்கிவிட்டார் என்று.

அது தவறு. என் இரண்டாவது மகளின் பிறப்பை என் கையால் நானே பதிந்தேன். அந்தப் பதிவேடு அலுவலகத்தில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். அதில் திருத்தம் எதுவும் இல்லை.